கூம்புக்கு வெளியே

ஜூன் 1

அட்லாண்டிக் புயல் பருவம் இன்று முறைப்படி தொடங்கியது. இந்த நாட்டில் எதற்கும் ஒரு தொடக்க விழா உண்டு; பேரழிவுக்கும் உண்டு. பொதுக்கூடத்தில் எங்கள் குடியிருப்பின் புயல் தயார்நிலைக் குழு கூடியது. தலைவர் பரமேஸ்வரன், ஓய்வு பெற்ற மின்பொறியாளர், மின்கலம், குடிநீர், பிஸ்கட் ஆகிய மூன்றையும் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றினார். பிஸ்கட்டுக்கு மட்டும் கேள்விகள் எழுந்தன.

குடியிருப்பின் பெயர் பூம்புகார் வில்லாஸ். வயதான தமிழர்களுக்கென்று டாம்பாவுக்கு வடக்கே ஒரு சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டியிருக்கிறார்கள். கடல் விழுங்கிய ஊரின் பெயரைத் தேடிப்பிடித்துப் புயல் மாநிலத்தில் ஒரு குடியிருப்புக்குச் சூட்டியவரை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன். ஒரு பருவத் தேர்வேனும் வைக்கலாம்.

சென்ற ஆண்டு இரண்டு புயல்கள் வந்தன. இரண்டு முறையும் என் மகன் சாத்தப்பன் அட்லாண்டாவிலிருந்து கார் ஓட்டி வந்து என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். இரண்டு முறையும் எனக்குப் பெருந்தொல்லை. எனக்கு ஒதுக்கிய அறையில் ஓட்டப்பயிற்சி இயந்திரம் ஒன்று நின்றது. அதில் எவரும் ஓடவில்லை, துணி உலர்த்தியிருந்தார்கள். காபியில் சர்க்கரை மிகுதி. பேத்தி தேனம்மை அதிகாலையில் தன் சில்லிட்ட பாதங்களை என் போர்வைக்குள் நுழைத்துவிடுவாள். முதல் புயலுக்கு ஒரு வாரமும் இரண்டாவதற்கு மூன்று வாரமும் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

புயல் இல்லாத நாள்களில் அவன் வருவதில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் காலநிலையியல் கற்பித்தவள் நான். இந்த ஆண்டு எத்தனை புயல்கள் வரும் என்று அறிய விரும்புவது முற்றிலும் துறை சார்ந்த ஆர்வம்.

ஜூன் 9

புயல்கள் பிறக்கும் ஆப்பிரிக்கக் கரையில் ஒன்றுமில்லை. துவைக்கும் இயந்திரம் பழுது.

ஜூன் 21

பரமேஸ்வரன் சாதித்துவிட்டார். இன்று நீச்சல் குளத்தில் வருண ஜபம் நடந்தது.

ஊரில் மழை பொய்த்தால் அண்டாக்களில் நீர் நிரப்பி, கழுத்தளவு அமர்ந்து, மழை வேண்டிச் செய்யும் ஜபம் இது. இங்கே புயல் வராதிருக்கச் செய்கிறார்கள். அண்டாவின் இடத்தில் குளோரின் மணக்கும் குளம். முழங்கால் அறுவை முடித்தவர்கள் படிக்கட்டுப் பக்கம். இதய நோயாளிகள் ஆழமற்ற பக்கம். கும்பகோணத்துச் சாஸ்திரிகள் கைப்பேசித் திரையில் தோன்றி மந்திரம் சொன்னார். மிதவைப் படுக்கை ஒன்றின்மீது பூரணகும்பம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

“பரமேஸ்வரன், இது மழைய வரவழைக்கிற ஜபம் இல்லையா?” என்றேன்.

“ஆமா மேடம். ஆனா சங்கல்பத்த மாத்தியாச்சு. என்ன வேணும்னு சாமிகிட்ட சொல்ற இடத்துல, வேண்டாம்னு சொல்லிட்டோம்.”

“விண்ணப்பப் படிவம் அதேதான், கோரிக்கை மட்டும் வேற.”

“கரெக்ட் மேடம்! நீங்க சொன்னாத்தான் தெளிவா இருக்கு.”

கேலியைப் பாராட்டாக ஏற்றுக்கொள்ளும் மனிதர்களிடம் பேச்சு வீண். அடுத்த வீட்டு லில்லி புஷ்பம், நாசரேத்தில் தலைமையாசிரியையாக இருந்தவள், கரையில் நாற்காலி போட்டு அமர்ந்து ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஆமென் சொன்னாள். கேட்டதற்கு, “எந்தப் பக்கம் இருந்து காப்பாத்துனாலும் சரிதாங்க்கா” என்றாள்.

ஜூலை 5

இந்தக் குடியிருப்பில் நான் கண்டறிந்த ஒரு விதியைப் பதிவு செய்கிறேன்.

புயல் ஒன்று உருவானால், அது செல்லக்கூடிய வழியை வானிலை மையத்தார் வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கூம்பாகக் காட்டுவார்கள். கூம்புக்கு வெளியே இருக்கும் பெற்றோருக்கு ஞாயிறுதோறும் ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பு. கூம்பின் விளிம்பு நம் மாவட்டத்தைத் தொட்டால் நாள்தோறும் அழைப்பு. கூம்பின் நடுக்கோடு நம் கூரைமேல் விழுந்தால் மகன் நேரில் வருவான், மருமகள் “என்ன சமைக்கட்டும்?” என்று கேட்பாள். பிள்ளைப் பாசம் காற்றின் வேகத்துக்கு நேர் விகிதத்தில் பெருகும். மணிக்கு எழுபது மைலுக்குக் கீழே அதை எந்தக் கருவியாலும் அளக்க இயலாது.

இன்று ஞாயிறு. சாத்தப்பன் அழைத்தான். மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். பிறகு தேனம்மை பிடுங்கிக்கொண்டாள்.

“அப்பத்தா, இந்த இயர் புயல் எப்ப வரும்?”

“புயல் வந்தா நல்லதா? மரமெல்லாம் விழும்.”

“ஆனா நீங்க வருவீங்கல்ல?”

காரண காரியத் தொடர்பைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். புயலின் நோக்கம் காற்றழுத்தச் சமன்பாடு. அப்பத்தாவை இடம் மாற்றுவது அன்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓகே, ஆனா எப்ப?” என்றாள். ஒன்பது வயதுக்கு அறிவுக்கூர்மை போதாது. அவள் அப்பச்சி, அதாவது என் மகன், வழி வந்தது.

ஜூலை 27

சகாராப் பாலைவனத்துத் தூசி கடல் கடந்து வந்து வானத்தை மூடியிருக்கிறது. அந்திச் சூரியன் செட்டிநாட்டுச் செம்மண் நிறத்தில் இறங்கியது. அழகுதான். ஆனால் வறண்ட தூசி இருக்கும் வரை அட்லாண்டிக்கில் எதுவும் தலைதூக்காது. பசிபிக்கில் நீர் சூடேறிக்கொண்டிருப்பதும் இங்கே புயல்களை அடக்கத்தான் செய்யும். அமைதியான பருவமாக இருக்கும் என்று வல்லுநர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வல்லுநர்களுக்கு அவசரம்.

புயல்களுக்கு வானிலை மையம் வைக்கும் பெயர்கள் எங்கள் வாயில் நுழைவதில்லை என்று குழுவில் முறையீடு வந்தது. ஆகவே மருமகள்களின் பெயரால் அழைப்பது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். குலுக்கல் முறை. கீழ்மையான பழக்கம். என் சீட்டையும் போட்டேன்.

ஆகஸ்ட் 19

உமையாள் உருவாகிவிட்டாள். என் மருமகள் பெயருக்குரிய புயலைச் சொல்கிறேன். ஆப்பிரிக்கக் கரையை அடுத்த வெர்டே முனைத் தீவுகளுக்கு மேற்கே, நல்ல வட்டமான சுழற்சி.

உண்மை உமையாள் நல்ல பெண். இத்தனை ஆண்டுகளில் என்னை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அது ஒரு குறை என்றே கருதுகிறேன். எதிர்த்துப் பேசாதவர்களுடன் எவ்வளவு நேரம்தான் உரையாடுவது?

ஆகஸ்ட் 29

சாத்தப்பன் புதன்கிழமையே அழைத்தான்.

“ஆத்தா, கூம்பு உங்க பக்கம் வருதா?”

“இல்லை. வடக்கே திரும்புது. பெர்முடா பக்கம் கடல்லயே போயிரும்.”

“ஓ. சரி ஆத்தா. நல்லதுதான். மாத்திரை?”

“சாப்பிட்டேன்.”

உமையாள் எவரையும் தொந்தரவு செய்யாமல் நடுக்கடலில் கரைந்தாள். பெயர்ப் பொருத்தம் வியக்கத்தக்கது.

செப்டம்பர் 10

புள்ளிவிவரப்படி பருவத்தின் உச்ச நாள். வரைபடம் துடைத்த சிலேட்டுப் போல் இருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பரமேஸ்வரன் எழுந்து, வருண ஜபத்தின் பயனாகப் பூம்புகார் வில்லாஸ் முற்றிலும் காப்பாற்றப்பட்டிருப்பதாக அறிவித்தார். கைதட்டலை எதிர்பார்த்து நிறுத்தினார். ஒருவரும் தட்டவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சீந்தினார்.

பிறகு தஞ்சாவூர்க்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற நீதிபதி, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “சங்கல்பத்த நம்ம இஷ்டத்துக்கு மாத்துறது சாஸ்திர விரோதம்னு எனக்கு ஜூன்லயே ஒரு உறுத்தல். பெரியவங்க வச்ச முறைப்படியே பண்றதுதான் நியாயம்.”

“முறைப்படின்னா மழை, காத்து எல்லாம் வேணும்னு கேக்குறதா?” என்றார் பரமேஸ்வரன்.

“நாம எதையும் கேக்கல. முறைய மதிக்கிறோம். அவ்வளவுதான்.”

கூடமெங்கும் தலைகள் அசைந்தன. எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. சென்ற மாதம் யார் வீட்டுக்கு யார் பிள்ளை வந்தது என்று கணக்கெடுத்தால் விடை சுழியம் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பகுத்தறிவுள்ளவள் என்ற முறையில் நான் வாக்களிக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை.

செப்டம்பர் 14

மரபுவழி வருண ஜபம். ஜூனில் வந்ததைப் போல் இரு மடங்குக் கூட்டம். குளத்து நீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. நடக்க இயலாதவர்களையும் நாற்காலியோடு கொண்டுவந்து கரையில் வைத்திருந்தார்கள். ஆய்வு நோக்கில் நானும் கணுக்கால் வரை நனைத்தேன்.

லில்லி இம்முறை ஆமென்னை உரத்துச் சொன்னாள்.

செப்டம்பர் 30

தூறல்கூட இல்லை. துளசிக்குக் குழாயில் நீர் விட்டேன்.

அக்டோபர் 11

மெக்சிகோ வளைகுடாவில் ஒன்று திரண்டுவிட்டது. குலுக்கலில் வந்த பெயர் ரம்யா. பரமேஸ்வரனின் மருமகள், சியாட்டிலில் இருக்கிறாள். கூம்பின் நடுக்கோடு நேராக நம் நீச்சல் குளத்தின்மேல் விழுகிறது.

குடியிருப்பில் கல்யாணக் களை. வீட்டுக்கு வீடு தொலைபேசி மணி. “ஐயோ, பயமா இருக்குடா” என்று ஆண்களும் பெண்களும் மகிழ்ச்சியோடு கதறுகிறார்கள். பரமேஸ்வரன் தலையில் மஞ்சள் நிறப் பாதுகாப்புத் தொப்பி. நீரிழிவு நோயாளியின் நடையில் ஒரு மாப்பிள்ளைத் துள்ளல். “ரம்யா வர்றா மேடம், ரம்யா வர்றா!” என்று வாசலில் நின்று கூவினார். எந்த ரம்யா என்று கேட்டேன். முகம் சற்று மாறியது. கேட்டிருக்க வேண்டாம்.

லில்லியின் மகள் சார்லட்டிலிருந்து கிளம்பிவிட்டாளாம். லில்லி அரிசி ஊறப்போட்டிருக்கிறாள். புயலுக்கு இட்லி மாவு அரைக்கும் இனம் உலகில் நாம் ஒன்றுதான்.

நான் சீடை செய்தேன். மின்சாரம் போனால் கெடாத தின்பண்டம். தேனம்மைக்குப் பிடிக்கும் என்பது தற்செயல்.

அக்டோபர் 12

காலையில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தேன். ஒருமுறை பார்த்தாலே போதும். நான்கு முறை பார்த்தேன். மேலடுக்குக் காற்று ரம்யாவின் தலையைச் சீவிக்கொண்டிருக்கிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று உள்ளே புகுந்துவிட்டது. தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள் இன்னும் மழைக்கோட்டோடு கடற்கரையில் நின்று கத்துகிறார்கள். அவர்களுக்கு நாளை மாலைதான் தெரியும். எனக்கு இன்றே தெரிகிறது. இது பிழைக்காது.

பத்து மணிக்குச் சாத்தப்பன் அழைத்தான்.

“ஆத்தா, லீவு சொல்லிட்டேன். இப்பக் கிளம்புனா சாயங்காலம் அங்க இருப்பேன். டிவியில பெருசா சொல்றான்.”

“டிவிக்காரனுக்கு வயிறு இருக்கு.”

“அதான் உங்கள்ட்ட கேக்குறேன். நீங்க படிச்சவங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க? வரட்டுமா?”

முப்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மாணவிகளுக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறேன்: வானத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், நீங்கள் விரும்புவதைச் சொல்லாதீர்கள்.

“வேண்டாம்,” என்றேன். “நாளைக்குள்ள செத்துரும். நாலு துளி மழை பெய்யும்.”

“நிச்சயமாவா?”

“சந்தேகம் இருந்தா சொல்லியிருப்பேன்.”

“உமையாள் ரூம ஒழிச்சு வச்சுட்டா. அந்த மெஷின வெளிய தூக்கிப் போட்டாச்சு.”

“மறுபடி உள்ள வைக்கச் சொல்லு. துணி காயப்போட இடம் வேணும்.”

“வண்டியில பெட்ரோலும் போட்டுட்டேன், ஆத்தா.”

“பெட்ரோல் கெட்டுப் போகாது.”

“சரி ஆத்தா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான். ஏழு மணி நேரப் பயணம் மிச்சமானதில் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குரல் அப்படித் தோன்றவில்லை. ஆனால் தொலைபேசியில் குரல்கள் நம்பத்தக்கவை அல்ல.

அக்டோபர் 13

என் கணிப்பு சரியாயிற்று.

அக்டோபர் 16

வெயில் கொளுத்துகிறது. வாகன நிறுத்தத்தில் வெளிமாநிலக் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. இல்லாத புயலிலிருந்து பெற்றோரைக் காப்பாற்ற வந்த பிள்ளைகள், வந்தது வந்துவிட்டோம் என்று தங்கிவிட்டார்கள். லில்லியின் மகள் முதல் நாள் தாயைத் திட்டினாள். இரண்டாம் நாள் இட்லி தின்றாள். மூன்றாம் நாள் தாய்க்குத் தலை சீவிவிட்டாள். சன்னல் வழியாகத் தற்செயலாகக் கண்ணில் பட்டது.

பரமேஸ்வரனின் மகன் வரவில்லை. ஒரு ஜெனரேட்டர் அனுப்பியிருக்கிறான். மிகப் பெரிய பெட்டி. வருகிறவர்களையெல்லாம் அழைத்து அதைக் காட்டுகிறார். “டாப் மாடல் மேடம். என் பையன் எதுலயும் குறை வைக்க மாட்டான்.”

மாலையில் லில்லி இட்லி கொண்டுவந்தாள்.

“நீங்க ஏங்க்கா உண்மையச் சொன்னீங்க?”

“கேட்டான், சொன்னேன்.”

“டாக்டர்கிட்டகூட நாம இவ்வளவு உண்ம சொல்றதில்லையேக்கா. ஒரு பொய், குட்டிப் பொய். ‘கொஞ்சம் பலமாத்தான் அடிக்கும் போலயிருக்கு’ன்னு சொன்னா நாக்கு அழுகிருமா?”

“அவன் வர விரும்பினா புயல் எதுக்கு? சும்மா வரலாமே.”

லில்லி தட்டைக் கீழே வைத்தாள். “நல்லாருக்கு கத. போன வருஷம் உங்கள வண்டியில ஏத்தும்போது உங்க மகன் என்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘எங்க ஆத்தாவப் புயல் வந்தாத்தான் ஆன்ட்டி கூப்பிட முடியும். சும்மா கூப்பிட்டா, நான் என்ன சாமானா, அங்கயும் இங்கயும் தூக்கி வைக்கன்னு கேப்பாங்க. காரணம் இல்லாம வராதன்னு சொல்லிட்டாங்க’ன்னு. அது புயலுக்குக் காத்துக் கெடக்குக்கா, உங்களப் போல.”

பிறர் வீட்டு உரையாடல்களைத் திரித்துச் சொல்வது லில்லியின் வழக்கம். நான் சாமான் என்று சொல்லவேயில்லை. பார்சல் என்றுதான் சொன்னேன்.

இட்லி சற்றுக் கல்லாக இருந்தது. நான்கும் தின்றேன்.

நவம்பர் 8

ஞாயிறு. மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்டான். ஏதோ கூறலாம் என்று வாயெடுத்தேன். சாப்பிட்டேன் என்றேன்.

நவம்பர் 30

பருவம் இன்று முடிந்தது. பத்தாண்டுகளில் இவ்வளவு அமைதியான பருவம் இல்லை என்று செய்தி. நாடே மகிழ்கிறதாம்.

நிறைவு விழாவில் பரமேஸ்வரனுக்குப் பொன்னாடை. காலநிலையியல் அறிஞர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்தார்கள். இந்த அமைதிக்குக் காரணம் சகாராவின் வறண்ட தூசியும், சூடான பசிபிக் நீரும், மேலடுக்குக் காற்றும்தான். நீச்சல் குளத்துக்கு இதில் பங்கில்லை என்று தெளிவாக விளக்கினேன்.

“அந்தத் தூசிய அனுப்புனது யாரு மேடம்?” என்றார் பரமேஸ்வரன். அரங்கம் அதிரக் கைதட்டல். அறிவியல் தோற்கும் இடங்களில் எப்போதும் சுண்டல் வழங்கப்படுவதைக் கவனித்திருக்கிறேன்.

எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் நின்று நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். பொன்னாடை தோளிலிருந்து நழுவியபடி இருந்தது.

“மேடம், அடுத்த வருஷம் எப்படி இருக்கும்?”

“பசிபிக் குளிர்ந்தா, புயல் அதிகமா இருக்கலாம்.”

“நிஜமாவா?” என்றார். அந்த முகத்தில் பரவிய ஒளியைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. “அப்ப ஜெனரேட்டர் தேவைப்படும்.”

“பிரிச்சுப் போட்டுப் பாத்தீங்களா? வேலை செய்யுதா?”

“இல்ல மேடம். எனக்குத் தெரியாதுன்னு இல்ல. சர்வீஸ் பூரா அதத்தானே பண்ணேன். பையன் வந்து பிரிக்கட்டும்னு வச்சிருக்கேன்.”

நாற்காலிகளை மடக்க உதவினேன். பேசியிருந்தால் நான் ஏதாவது கூர்மையாகச் சொல்லியிருப்பேன். அவருக்குச் சொல்வது போல் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

டிசம்பர் 1

வானம் தெளிவு. காற்று இல்லை. எந்தக் கடலிலும் எந்த எச்சரிக்கையும் இல்லை. செவ்வாய்க்கிழமை, காலை, அலுவலக நேரம். சாத்தப்பனை அழைத்தேன்.

“ஆத்தா? என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை.”

“கீழ விழுந்துட்டீங்களா?”

“இல்லை.”

“பிரஷரா? ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க? லில்லி ஆன்ட்டி பக்கத்துல இருக்காங்களா?”

“இங்க எல்லாம் நல்லா இருக்கு. சாகுற அளவுக்கு நல்லா இருக்கு. வந்து கூட்டிக்கிட்டுப் போ.”

அலுவலகத்தில் யாரோ ஏதோ கேட்க, அவன் “அப்புறம்” என்பது காதில் விழுந்தது.

“இப்பவா?”

“புயல்னா எப்பக் கிளம்புவ?”

“அப்பவே.”

“அதேதான்.”

“காரணம் கேட்டா உமையாள்ட்ட என்ன சொல்லட்டும்?”

“காரணம் இல்லைன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”

“எத்தனை நாளைக்கு ஆத்தா?”

“அடுத்த பருவம் ஜூன்ல தொடங்குது. அதுக்குள்ள கொண்டாந்து விட்டுரு. புயல் நேரத்துல நான் இங்க இருக்கணும்; இவங்கள்ல ஒருத்தருக்கும் சாட்டிலைட் படம் பாக்கத் தெரியாது.”

பத்து மணிக்குக் கிளம்பிவிட்டான். முறையாக ஓட்டினால் மாலை ஐந்துக்கு வரவேண்டும். இரண்டரைக்கே அழைத்து, இங்கிருந்து ஒன்றரை மணித் தொலைவிலுள்ள ஒக்காலாவைத் தாண்டிவிட்டதாகச் சொன்னான். அந்தத் தொலைவை அந்த நேரத்தில் சட்டப்படி கடக்க இயலாது. அவன் வேகமாகக் கார் ஓட்டுவதை நான் எக்காலத்திலும் அனுமதித்ததில்லை. இன்று ஒன்றும் சொல்லவில்லை.